மற்ற இரண்டு பெடல்கள்

தம்பிகளே, டேப்லெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வரும் தங்கச்சிகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி, லேடி டாக்டர் ஓட்டியவை. மீதிப் பாதி, வெளிநாட்டு மகன் வாங்கிக் கொடுத்து, அப்பா துடைத்து மட்டும் வைத்திருந்தவை. இந்தக் கணக்குப்படி நம் ஊரில் தெருவுக்கு நாலு லேடி டாக்டராவது இருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் வரும்போது மட்டும் ஒருத்தியும் அகப்படுவதில்லை.

கோட்டை மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தால் எந்தத் தகர டப்பாவும் தேராகிவிடும். சாயங்கால வெயில் பாறையில் பட்டு, பாறை செம்பாகி, அந்தச் செம்பு வழிந்து பானட்டில் இறங்கும்போது துருகூட நகை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். படத்துக்குக் கீழே ‘பதினோராயிரம் கிலோமீட்டர் மட்டுமே’ என்று ஒரு வரி. அதைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் வாங்க வருகிறவர்கள். உதட்டைச் சுழிப்பவர்கள் நாம். வாய் பிளந்தவனைப் பற்றிச் சிரித்துச் சிரித்தே நம் தொழிலில் பாதி நாள் போகிறது. உதட்டைச் சுழித்தவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன் கெட்டிக்காரனாம்.

இருபத்தாறு வருஷம் திருவண்ணாமலை ரோட்டில் பழைய கார் கடை போட்டுக் கெட்டிக்காரனாக உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வண்டிக்கு அடியில் குனிய மறுத்ததால் போன வருஷம் கடையைக் கொடுத்துவிட்டேன். ஐம்பத்தைந்து வயதில் சும்மா இருக்கத் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

சுழித்த உதடு பிறக்கும்போதே வந்ததல்ல. கடை போட்ட மூன்றாம் வருஷம் ஒரு பழைய வண்டியை வாங்கினேன். மீட்டரில் இருபத்திரண்டாயிரம். வாசனைத் தைலம் தெளித்து, டயருக்குக் கறுப்புப் பூசி, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. மறுநாள் மெக்கானிக் கவுஸ் வந்தான். என் வயசுக்காரன், என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் தோற்றவன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து விளிம்பில் விரலை வைத்தான். அங்கே பழைய ஸ்டிக்கர் ஒன்று, பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து ஆயில் மாற்ற வேண்டியது ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் என்று பேனாவில் எழுதியிருந்தது.

“இன்னாய்யா,” என்றான் கவுஸ், “இந்த வண்டி ரிவர்ஸ்லயே ஓடுச்சா?”

கடைத்தெரு முழுக்க அந்த நகைச்சுவை ஒரு மாதம் ஓடியது. நான் டீக்கடைக்குள் நுழையும்போது நாலு பேர் பின்பக்கமாக நடந்து காட்டுவார்கள். அன்று முடிவு செய்தேன், இனி எந்த மீட்டரையும் நம்புவதில்லை என்று. நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன். ஒருமுறை ஏமாந்தவன் அதற்குப் பிறகு வண்டியைப் பார்ப்பதே இல்லை, தான் ஏமாந்த நாளைத்தான் ஒவ்வொரு வண்டியிலும் பார்க்கிறான் என்பது தெரிய எனக்கு இன்னும் பல வருஷங்கள் ஆயின. அதைத் தெரியவைத்தது பனமலையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் நின்ற வெள்ளைக் கார்.

ஜரினா டீச்சருக்காகத்தான் அந்த வண்டியைப் பார்க்கப் போனேன். செஞ்சியில் வீடு, தளவானூரில் வேலை. ஒன்றாம் வகுப்பு டீச்சர். பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய், “எட்டு போட்டு லைசன்ஸ் வாங்கிட்டேண்ணே, எட்டைத் தவிர வேற எதுவும் ஓட்டத் தெரியாது, ஓட்டிக் கத்துக்கற மாதிரி ஒரு சின்ன வண்டி பாருங்க” என்று வந்தாள். பனமலையில் ஒரு வண்டி, பதின்மூன்று வயசு, பதினோராயிரம் ஓடியது, கேட்கிற விலை ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்று சேதி வந்திருந்தது. கேட்டதுமே என் உதடு சுழித்துக்கொண்டது. டீச்சரையும் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு ஏமாற்று வேலையை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குக் காட்டத்தான். கூட ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் என் கெட்டிக்காரத்தனம் இரட்டிப்பாகும்.

ஏரிக்கரையிலிருந்து தள்ளி ஓட்டு வீடு. வாசலில் கயிற்றுக் கட்டில், கட்டிலில் ஏகாம்பரம். அரசு பஸ் டிரைவராக முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் புதுக் காரை வாங்கி ஐந்து வருஷம் ஓட்டியிருக்கிறார். பிறகு பக்கவாதம். இடது கை, இடது கால், பேச்சு மூன்றையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. அது நடந்து எட்டு வருஷம். அவர் மனைவி கன்னியம்மாதான் பேசினாள்.

“இவ்ரு பின்னாடி கொல்லைக்குப் போவணும்னா இருவது அடி நடக்கணும். ரெண்டு தடவ விழுந்துட்டாரு. வீட்டோட ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டணும், உக்கார்ற கக்கூஸ் வச்சி. கொத்தனார் லட்சத்து அறுவதாயிரம் சொல்றாரு. அதான் வண்டிய குடுக்கறோம். இல்லன்னா குடுக்க மாட்டாரு.”

எதற்கு விற்கிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கதை நல்ல கதையாக இருந்தால் மீட்டரைப் பின்னால் திருப்பிக் குறைத்திருப்பார்கள் என்பது என் சித்தாந்தம்.

பேட்டரி செத்துக் கிடந்தது, வண்டி கிளம்பாது என்றாள். நல்லதாகப் போயிற்று, ஓட்டிப் பார்க்கும் வேலை மிச்சம். கதவைத் திறந்தேன். டிரைவர் சீட் குழிந்திருந்தது. ஸ்டீயரிங்கில் உள்ளங்கை பட்டு வழவழவென்று ஒரு மினுக்கம். கீழே பார்த்தேன். கிளட்ச் பெடலின் ரப்பர் மொட்டையாகத் தேய்ந்து, ஓரத்தில் இரும்பு பல்லைக் காட்டியது.

என் மார்பு விரிந்தது. சீட், ஸ்டீயரிங், கிளட்ச். மூன்று சாட்சி. நான் சிரித்தேன். சும்மா அல்ல, வாசல் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி சிரித்தேன்.

“இன்னாம்மா, இந்த மீட்டரு எத்தினி தடவ பின்னாடி நடந்துச்சு?”

“அப்டின்னா?”

“ரெண்டு லட்சமாவது ஓடியிருக்கும்மா இது. கிளட்ச்சைப் பாரு, உங்க வூட்டு அம்மிக்கல்லு மாதிரி தேஞ்சிருக்குது. பதினோராயிரம்னு யாரு கிட்ட சொல்ற? எண்பது தரேன். அதுவே ஜாஸ்தி.”

கன்னியம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏகாம்பரம் வலது கையை ஊன்றி எழப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“கா…உ… கா…உ…”

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்கு எல்லாமே சட்டென்று புரியும்.

“காசுதான் பெரியவரே! எல்லாருக்கும் அதான் வேணும். அதுக்குன்னு மீட்டரைத் திருப்பலாமா? பஸ்ஸு ஓட்டுன ஆளுன்றாங்க.”

அவர் கட்டில் சட்டத்தை உள்ளங்கையால் அறைந்தார். இரண்டு முறை. மூன்றாவது அறை விழவில்லை. கன்னியம்மா சொல்ல வந்ததைக் கேட்காமலே நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் டீச்சர், “அண்ணே, அவரு காசுன்னு சொல்லல” என்றாள்.

“வேற இன்னா சொன்னாரு?”

“தெரியல. ஆனா காசு இல்ல. எங்கிட்ட படிக்கிறதுங்கல்லாம் பாதி வார்த்தைதான் சொல்லுங்க. பல்லு விழுந்த பசங்க. சொல்றப்ப மூஞ்சி எப்படி இருக்குதுன்னு பாத்துத்தான் மீதி வார்த்தைய புடிப்பேன். அந்தப் பெரியவரு மூஞ்சி காசு கேக்கற மூஞ்சி இல்ல.”

“டீச்சர், நீங்க பாடத்தப் பாருங்க. நான் மீட்டரப் பாக்கறேன்.”

எவ்வளவு அழகான பதில்! அன்று மாலையே டீக்கடையில் அதை மூன்று முறை சொல்லிக் காட்டினேன். கூடவே பனமலை வண்டியைப் பற்றியும் சொன்னேன். நம் தொழிலில் வண்டிக்கு ஒரு பட்டம் விழுந்துவிட்டால் அது ஆர்.சி. புத்தகத்தில் ஏறாது, ஆனால் ஊரில் எல்லார் நாக்கிலும் ஏறிவிடும். ‘திருப்பின வண்டி.’ அந்த ஒரு சொல்லைத் தாண்டி அதற்குப் பிறகு ஒரு புரோக்கரும் பனமலைப் பக்கம் போகவில்லை. நாலைந்து பேர் போனில் விசாரித்து, “ஓ, அதா?” என்று வைத்துவிட்டார்களாம்.

இரண்டு மாதம் கழித்துக் கன்னியம்மா கூப்பிட்டாள். குரலில் ஒன்றுமில்லை. “எண்பதுக்கே எடுத்துக்கப்பா. மறுபடியும் விழுந்துட்டாரு.”

இப்போது என் யோக்கியதையைக் கேளுங்கள். திருப்பின வண்டி என்று ஊரெல்லாம் சொன்ன நானே, அதை எண்பதுக்கு வாங்கி, வெளியூர்க்காரன் எவனிடமாவது லேடி டாக்டர் வண்டி என்று சொல்லி ஒரு லட்சத்து முப்பதுக்குத் தள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். மீட்டர் பொய் என்று நம்பினேன், அதே மீட்டரைக் காட்டி விற்கவும் தயாராக இருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள். இன்றைக்குக் காலையில்கூடச் செய்திருப்பீர்கள்.

வண்டியைக் கிளப்பக் கவுஸைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பேட்டரியை மாற்றி, பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றி, எலி கடித்த ஒரு ஒயரைச் சுற்றி, சாவியைத் திருப்பினான். மூன்றாவது தடவை என்ஜின் பிடித்தது. புகை கொட்டகையை நிரப்பியது. பிறகு சத்தம் அடங்கி, ஒரே சீராக, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஓடியது. ரெண்டு லட்சம் ஓடிய என்ஜின் அப்படி மூச்சு விடாது. எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் என் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுஸ் கிளட்ச்சை மெல்ல விட்டான். வண்டி அரை அடி நகர்ந்து நின்றது. மறுபடி மிதித்தான், விட்டான். என்ஜினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“யோவ், இங்க வந்து குனி.”

“முட்டி வலிக்குதுய்யா.”

“வலிக்கட்டும். குனி.”

குனிந்தேன். அவன் டார்ச்சை அடித்தான்.

“கிளட்ச்சு தேஞ்சிருக்குது. சரி. பிரேக்கத் தடவிப் பாரு.”

தடவினேன். ரப்பரின் வரிகள் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே விரலில் நெருடின. ஆக்சிலேட்டர் பெடலும் அப்படித்தான்.

“ரெண்டு லட்சம் கிலோமீட்டரு இவ்ரு பிரேக்கே புடிக்காம ஓட்டுனாரா? மாடு கீடு குறுக்க வராத ரோடா அது? இன்னும் கேளு. கிளட்ச் பிளேட்டு புதுசு மாதிரி கவ்வுது. பெடலு கிழவன், பிளேட்டு கொமரி. ஸ்டீயரிங்கப் பாரு, வலது கை வைக்கற எடம் மட்டும் மினுக்குது. மீதி சுத்தும் சொரசொரன்னு இருக்குது. ஒரே எடத்துல கைய வச்சிக்கினு வளைவே இல்லாம ஓட்டுனாரா?”

நான் முழங்காலிலேயே இருந்தேன். மற்ற இரண்டு பெடல்களையும் மறுபடி தடவினேன்.

கன்னியம்மா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

“ஆஸ்பத்திரில இடது காலுக்குப் பயிற்சி குடுக்கணும்னாங்க. மணல் பையக் கட்டித் தூக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டாரு. வண்டியக் காட்டிக் காட்டி அழுவாரு. ஒருநாள் தூக்கி ஒக்கார வச்சேன். வலது கையால ஸ்டீயரிங்கப் புடிச்சிக்கினு இடது காலால கிளட்ச்ச மிதிச்சாரு. மொதல்ல அசையவே இல்ல. ஒரு வருசம் கழிச்சிப் பாதி போச்சு. அப்புறம் முழுசா. காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி. எட்டு வருசமா. விழுப்புரத்துல ஏறுனா செஞ்சி வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பா மனசுலயே ஓட்டுவாரு. ஸ்டாப்பு வந்தா நிப்பாரு, நான் ‘ரைட்’ சொல்லணும். சொல்லலன்னா கெளம்ப மாட்டாரு. அடுப்புல சோறு பொங்கும், நான் இங்க நின்னு ரைட் சொல்லிக்கினு இருப்பேன்.”

கவுஸ் சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“நீ சிரிச்சிட்டுப் போனியே, அன்னிலேருந்து ஏறல. வண்டியக் காட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. ரெண்டு மாசம். கால் மறுபடியும் வெறச்சிப் போச்சு. அதான் விழுந்தாரு.”

எட்டு வருஷம் மிதித்து மீட்ட காலை ஒரு சிரிப்பால் முடக்கியிருந்தேன். இனி நான் செய்ததைக் கேளுங்கள், இதுதான் இன்னும் கேவலம். நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது எனக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு, தர்மகர்த்தா மாதிரி நிமிர்ந்து, “ஒண்ணு எழுபதே தரேம்மா, நீங்க கேட்டது” என்றேன். வெளியூர்க்காரனை விட்டுவிட்டு மனசு டீச்சரிடம் போயிருந்தது, அவள் இன்னும் வண்டி கிடைக்காமல் என்னைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். சொன்ன விலைக்கு வாங்குவாள்.

“யாரு பணத்துல?” என்றான் கவுஸ். “பாவம் பண்ணது நீ. டீச்சரா கட்டணும்?”

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு யாரும் போடாத விலையை அவள் அப்போது போட்டாள்.

“எண்பதுன்னு சொன்னப்பவும் நீ வண்டியப் பாக்கல. ஒண்ணு எழுபதுன்னு சொல்றப்பவும் வண்டியப் பாக்கல. ரெண்டு தடவையும் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கின. பாவம் பாத்துக் குடுக்காத. வண்டியப் பாத்துக் குடு.”

அப்போதுதான், இருபது வருஷம் தொழில் செய்த பிறகு, முதல் முறையாக ஒரு வண்டியைப் பார்த்தேன்.

அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஓடாத வண்டி புது வண்டி அல்ல. என்ஜினும் கியர் பாக்ஸும் இளசாக இருந்தன, உண்மை. அதற்கு ஊர் விலைக்கு மேல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ரப்பருக்கு மீட்டர் தெரியாது, அதற்குக் காலண்டர்தான் தெரியும். நாலு டயரும் ரோட்டில் படுகிற பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தன, ஆனால் பக்கவாட்டில் ஏரித்தரை மாதிரி வெடித்திருந்தன. தண்ணீர் ஓஸ்களை அழுத்தினால் முறுக்கு மாதிரி நொறுங்கின. பெல்ட் காய்ந்திருந்தது. பெட்ரோல் டேங்கில் பிசின். எலி வேலை. இன்னும் இரண்டு வருஷத்தில் பதினைந்து முடிந்து பதிவைப் புதுப்பிக்க அலைய வேண்டும். ஓடாததற்குக் கூட்டி, நின்றதற்குக் கழித்து, ஒன்றொன்றாக அவளிடமே சொன்னேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் அந்த வண்டி பெறாது, அதற்குக் கீழே ஒரு ரூபாயும் குறையாது.

கன்னியம்மா டயரின் வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்த்தாள். ஓஸை ஒடித்துப் பார்த்தாள்.

“சரி. பாத்ரூமுக்கு மேல தளம் போடாம ஷீட்டு போட்டுக்கறேன்.”

கமிஷன் எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கேட்டிருந்தால் கவுஸ் ஸ்பானரால் அடித்திருப்பான். டீக்கடையில் போய், பனமலை வண்டி திருப்பின வண்டி இல்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். முதல் நாள் பத்துப் பேர் காது கொடுத்த அதே இடம். இந்த முறை ஒருவன், “சரி, டீ சொல்லட்டா?” என்றான். அவ்வளவுதான்.

கவுஸ் காயலான் கடையிலிருந்து ஒரு பழைய கிளட்ச் பெடலை எடுத்து, ஸ்பிரிங்கோடு பலகையில் அடித்து, பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே மிதிக்கச் செய்துகொடுத்தான். டீச்சர் வண்டியை எடுக்கப் போன சனிக்கிழமை அதையும் தூக்கிக்கொண்டு போனோம். கன்னியம்மா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்கு ஆர்.சி. புக்கு இருக்குதா? இல்ல இதுவும் திருப்புனதா?”

ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை. பலகையையும் பார்க்கவில்லை. டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். “ஐயா, எனக்கு எட்டு மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஏரிக்கரைல ஒரு சுத்து சுத்தணும். பயமா இருக்குது. பக்கத்துல ஒக்காருங்க” என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார்.

அவரை முன் சீட்டில் ஏற்றினோம். நானும் கவுஸும் பின்னால். வண்டி ஏரிக்கரையில் ஏறியது. தண்ணீர் குறைந்திருந்தது, கோயில் குன்று தூரத்தில் வெயிலில் நின்றது. டீச்சர் இரண்டாவது கியருக்கு மாறினாள், பயத்தில் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவில்லை. என்ஜின் வெற்றாக அலறியது, வண்டி தவழ்ந்தது. ஏகாம்பரத்தின் இடது கால், பெடல் இல்லாத தரையை அழுத்தி, மெல்ல மேலே எழுந்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார். வாய் கோணியது.

“கா…உ… கா…உ!”

“காலா ஐயா? கிளட்ச்சுலேருந்து காலா? இதோ எடுத்துட்டேன்.”

வண்டி பிடித்து முன்னே பாய்ந்தது. ஏகாம்பரம் சீட்டில் சாய்ந்தார். அன்றைக்குக் கட்டிலிலிருந்து அவர் என்னிடம் சொன்னதும் அதுதான். காலு. கால் பயிற்சிடா, காலால் தேய்ந்ததுடா என்று இரண்டு முறை சொன்னார். எனக்குக் காசு என்று கேட்டது. வேறு எதுவும் கேட்கிற காதா இது?

பின் சீட்டில் கவுஸ் என் தொடையில் முழங்கையால் இடித்தான். “கேட்டுச்சா?”

கேட்டது.

டீச்சர் அந்த மொட்டை ரப்பரை மாற்றவில்லை. சில்லறைக் காசு சாமான்தான். பெரியவர் பார்த்தால் வருத்தப்படுவார் என்றாள், அவர் இன்னும் சில சனிக்கிழமைகளில் அதில் ஏறுகிறார். ஆனால் பழைய வண்டி யார் கையிலும் நிற்காது. ஒருநாள் அது உங்களில் ஒருவன் கடைக்கு வரும். வயசுக்கு மீட்டர் குறைவாக இருக்கும், கிளட்ச் மொட்டையாக இருக்கும், விற்க வந்தவர் ஏதோ ஒரு நல்ல கதை சொல்வார். உங்கள் உதடு தானாகச் சுழிக்கும். சுழிக்கட்டும், அதைத் தடுக்க முடியாது. வாயைத் திறப்பதற்கு முன் முட்டியை மடக்கிக் குனிந்து, பக்கத்தில் இருக்கும் மற்ற இரண்டு பெடல்களையும் தடவிப் பாருங்கள். உங்கள் முட்டி இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது?